கப்பலுக்குப் பெயர் உண்டு, கொள்ளுத்தாத்தாவுக்கு?

வேலைப் பயிற்சிக்காக வாரத்தில் ஐந்து நாள் துவாஸ் லிங்க் வரை ரயிலில் போகிறேன். வழியெல்லாம் கைப்பேசியில் நான் படிப்பது பழைய மரண அறிவிப்புகள்.

காரணம் பாட்டி. துவாசில் பயிற்சி என்றதும், “எங்கப்பா தஞ்சோங் பகார் துறைமுகத்துல மூட்டை தூக்குனாரு. அந்தத் துறைமுகமே இப்ப துவாசுக்குப் போகுதாமே?” என்றார். உண்மைதான். தஞ்சோங் பகார் உள்ளிட்ட நகர முனையங்களை 2027க்குள் துவாசுக்கு மாற்றுவது திட்டம். புதிய துறைமுகம் 2022ல் அதிகாரபூர்வமாகத் திறக்கப்பட்டது.

கொள்ளுத்தாத்தா 1951 வாக்கில் இறந்தபோது பாட்டிக்குப் பத்து வயது. வீட்டில் அவருடைய படம் ஒன்றுகூட இல்லை. அதனால் தேசிய நூலக வாரியத்தின் ‘நியூஸ்பேப்பர்எஸ்ஜி’ இணையத்தளத்தில் தேடினேன். காலனித்துவக் கால ஆங்கில நாளிதழ்களில் அதிகாரிகள், வணிகர்கள், அவர்களின் குடும்பத்தினர் பற்றிய மரண அறிவிப்புகளே அதிகம். அறிவிப்பு வெளியிடப் பணம் கட்ட வேண்டும். கூலித் தொழிலாளி விபத்தில் இறந்தால் செய்தி வரலாம். அதிலும் சில நேரம் ‘தமிழ்க் கூலி ஒருவர்’ என்று மட்டும் இருக்கும். அதே நாளிதழ், வந்துபோன கப்பல்களின் பெயரையும் தேதியையும் தவறாமல் அச்சிட்டது. மூட்டை இறக்கியவரின் பெயர் அதில் இல்லை.

கோ. சாரங்கபாணி 1935ல் தொடங்கிய தமிழ் முரசின் பழைய இதழ்களையும் புரட்டினேன். யானைத் தும்பிக்கைபோல் சுருண்ட பழைய ‘லை’, ‘னை’ எழுத்துகளில் தடுமாறினேன். பாட்டி கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசித்துக் காட்டினார். கொள்ளுத்தாத்தா அங்கும் கிடைக்கவில்லை. ஆனால் யாரோ ஒருவரின் மரண அறிவிப்பில் இருந்த ஊர்ப் பெயரைப் பார்த்ததும், “எங்க ஊரு இதுக்குப் பக்கந்தான்” என்றார். இருபது ஆண்டுகளில் நான் ஒருமுறைகூடக் கேட்டிராத ஊர் அது. பிறகு அப்பாவின் தோளில் இருந்த தழும்பு, சம்பள நாளில் அவர் வாங்கி வந்த பொட்டுக்கடலை என்று பேசிக்கொண்டே போனார்.

வேர்களைத் தேட விரும்பும் என் வயதினரில் பலர் நேராக இணையத்துக்குத்தான் போகிறோம். நானும் அப்படித்தான் தொடங்கினேன். இப்போது என் கருத்து வேறு. மரண அறிவிப்பு, யார் வாழ்ந்தார்கள் என்பதைவிட யாரால் பணம் கட்ட முடிந்தது என்பதையே அதிகம் சொல்கிறது. தேடலை வீட்டில்தான் தொடங்க வேண்டும். பெயர், ஊர், தொழில், ஆண்டு ஆகியவற்றைப் பெரியவர்களிடம் கேட்டுப் பதிவுசெய்துகொண்டு, பிறகு நாளிதழ்களுக்குப் போகலாம். நாளிதழ் காத்திருக்கும். 83 வயதுப் பாட்டியால் முடியுமா?

பொதுமக்களின் நினைவுகளை ஒலிப்பதிவு செய்யும் பணி சிங்கப்பூரில் 1979லேயே தொடங்கிவிட்டது. அதை ஒவ்வொரு வீட்டிலும் தொடரலாம். பள்ளித் தமிழ் வகுப்பில் வீட்டுப் பெரியவர் ஒருவரைப் பற்றி ஒரு பக்கம் எழுதச் சொன்னாலே நல்ல தொடக்கமாக இருக்கும்.

சென்ற ஞாயிறு பாட்டியை 40 நிமிடம் பதிவுசெய்தேன். அந்தக் கோப்புக்கு வைத்திருப்பது கொள்ளுத்தாத்தாவின் பெயர்.