முகத்தில் கை வைக்கும் முன் சான்றிதழைக் கேட்போம்

முகப் பொலிவு ஊசி, லேசர், கெமிக்கல் பீல் ஆகிய சொற்கள் திண்டுக்கல் நகரத்தைத் தாண்டி, கைபேசி வழியாக குஜிலியம்பாறை பக்கத்துக் காலனித் தெருக்களுக்கும் வந்துவிட்டன. பஞ்சாலைக்குப் போகும் நம் பெண்களின் சம்பளத்தில் முகத்துக்கும் ஒரு பங்கு போகிறது. "நமக்கெதுக்கு இந்த ஆடம்பரம்" என்று அந்தப் பிள்ளைகளைக் கேலி பேசும் தோழர்களோடு நாங்கள் உடன்படவில்லை.

நிறத்தைப் பார்த்துச் சாதியைக் கணிக்கும் சமூகம் இது. கறுத்த பார்ப்பனரையும் வெளுத்த பறையரையும் நம்பாதே என்று பழமொழியே வைத்திருக்கிறார்கள். எல்லாச் சாதியிலும் எல்லா நிறமும் உண்டு என்பது கண்ணெதிரே தெரிந்தும், நிறத்தைச் சாதியின் அடையாள அட்டையாக்கியது அந்தப் பழமொழி. பெண் பார்க்க வருகிறவர்களும், வேலைக்கு ஆள் எடுக்கிறவர்களும் இன்றும் அதே அட்டையைத்தான் கேட்கிறார்கள். ஆகவே, கண்ணாடி முன் நிற்கும் பெண்ணைக் குற்றவாளியாக்குவது அநியாயம்.

இந்த இழிவைக் காசாக்கியது சந்தை. 1975இல் வந்த ஃபேர் அண்ட் லவ்லி, சிவப்பாக இருந்தால்தான் வேலையும் கல்யாணமும் என்று பல ஆண்டுகள் விளம்பரம் செய்தது. அமெரிக்காவில் கறுப்பின மக்கள் தெருவில் இறங்கிப் போராடிய 2020இல், பெயரை க்ளோ அண்ட் லவ்லி என்று மாற்றிக்கொண்டது. பெயர் மாறியது, வியாபாரம் நிற்கவில்லை.

பரு, தழும்பு, மங்கு, தீக்காய வடு ஆகியவற்றுக்குச் சிகிச்சை உண்டு. அதைப் பெறுவது நம் உரிமை. ஆனால் பிறவி நிறத்தை நிரந்தரமாக வெளுப்பாக்கும் பாதுகாப்பான மருந்து எதுவும் இல்லை. அப்படி இருப்பதாகச் சொல்லி விற்கிறவரிடம்தான் ஆபத்து இருக்கிறது.

மருந்துக்கடையில் கேட்டதும் கிடைக்கும் பல களிம்புகளில் ஸ்டீராய்டு இருக்கிறது. முதலில் முகம் பளிச்சென்று தெரியும். மாதக்கணக்கில் பூசினால் தோல் மெலியும், சிவக்கும், பரு வெடிக்கும், முடி முளைக்கும். திடீரென நிறுத்தினால் எரிச்சல் இன்னும் கூடும். 14 வகை ஸ்டீராய்டு களிம்புகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று ஒன்றிய அரசு 2018இல் ஆணையிட்டது. அந்த ஆணை நம் ஊர்க் கடைகளுக்கும் சேர்த்துத்தான்.

லேபிள் இல்லாத க்ரீம்களில் பாதரசம் இருக்கக்கூடும். கேரளத்தின் மலப்புரம் மாவட்டம் கோட்டக்கல்லில், 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை ஒரே வகைச் சிறுநீரக நோயோடு வந்த 22 பேரை மருத்துவர்கள் ஆராய்ந்தார்கள். 15 பேருக்கு அந்த நோயின் அரிதான ஒரு வடிவம் இருந்தது. அந்த 15 பேரில் 13 பேர் சிவப்பழகு க்ரீம் பூசியவர்கள். முகத்தில் பூசியது சிறுநீரகம் வரை போகிறது. வெளுப்பதற்காகப் போடும் குளூட்டாதியோன் ஊசியால் கல்லீரல், சிறுநீரகம், நரம்பு பாதிக்கப்படலாம் என்று பிலிப்பைன்ஸ் அரசின் மருந்துத் துறை 2019இல் எச்சரித்தது.

லேசரில் கறுத்த தோலுக்குக் கவனம் கூடுதலாக வேண்டும். அந்த ஒளியை உறிஞ்சுவது மெலனின் நிறமி. நம் தோலில் அது அதிகம். வெளுத்த தோலுக்கு வைக்கும் அளவையே வைத்தால் தோல் வெந்து, கரும்திட்டு விழும். கெமிக்கல் பீலிலும் இதே ஆபத்து உண்டு. சில வாரப் பயிற்சிச் சான்றிதழைச் சுவரில் மாட்டியவருக்கு இந்தக் கணக்கு தெரியாது. எம்.பி.பி.எஸ். முடித்து, தோல் மருத்துவத்தில் எம்.டி. அல்லது பட்டயம் பெற்றவரிடம் போங்கள். மருத்துவக் கவுன்சில் பதிவு எண்ணைக் கேளுங்கள். மருந்தின் பெயர் எழுதிய சீட்டும் பில்லும் வாங்குங்கள். கோட்டும் ஆங்கிலமும் பார்த்துக் கூச வேண்டாம். காசு நம்முடையது, தோலும் நம்முடையது.

ஆனால் "தகுதியான மருத்துவரிடம் போ" என்று சொல்லிவிட்டு ஒதுங்கிவிட முடியாது. நல்ல மருத்துவர் நகரத்தில், போலி வீட்டு வாசலில் என்றால், ஒரு நாள் கூலியை இழக்க முடியாத பெண் எங்கே போவாள்? திண்டுக்கல் அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில் திறக்கப்பட்டது. அங்கிருந்து வாரம் ஒரு நாள் தோல் மருத்துவர் குஜிலியம்பாறை தாலுகாவுக்கு வர வேண்டும். ஆலை விடுமுறை நாளில் வந்தால் இன்னும் நல்லது. மருந்து ஆய்வாளர்கள் களிம்பு விற்பனையைச் சோதிக்க வேண்டும். இந்த இரண்டையும் அடுத்த கிராம சபைகளில் தீர்மானமாக வைப்போம்.

நம் பிள்ளைகளிடம் நாங்கள் சொல்வது இதுதான்: பரு வந்தால் மருத்துவம் பாருங்கள். நிறத்துக்கு மருந்து தேடாதீர்கள், அது நோயல்ல. நிறம் பார்த்து மதிப்புப் போடுகிற சாதிப் புத்திதான் நோய். அதற்கான சிகிச்சையை அவர்கள் எடுத்துக்கொள்ளட்டும்.