கமிட் பட்டியல் மீனவருக்கு எதற்கு?

புராஜெக்ட் செய்கிற நண்பர்களுக்கெல்லாம் இப்போது ஒரே ஆசை. சேஞ்ச்லாக்கைக் கையால் எழுதக் கூடாது, கிட் வரலாற்றிலிருந்து அதுவாகவே வந்து விழ வேண்டும். கிட்-கிளிஃப் போன்ற கருவிகள் இதைச் செய்கின்றன. கமிட் செய்தி ‘ஃபீட்’ என்று தொடங்கினால் புது வசதி, ‘ஃபிக்ஸ்’ என்று தொடங்கினால் திருத்தம். கருவி பிரித்து அடுக்கித் தந்துவிடும். வேலை மிச்சம்தான், மறுக்கவில்லை.

ஆனால் அந்தப் பட்டியலை யார் படிக்கப் போகிறார்கள்?

பழவேற்காட்டை எடுத்துக்கொள்ளுங்கள். முகத்துவாரம் வழியாகக் கடலுக்குப் போகிறவர்களுக்கு இன்று செல்போனிலேயே காற்று, அலை நிலவரம் கிடைக்கிறது. எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் இதற்கென்றே மீனவர்களுக்கு ஒரு செயலி வைத்திருக்கிறது. ஐதராபாத்தில் இருக்கும் இன்காய்ஸ் கடல்நிலை முன்னறிவிப்புகளைத் தருகிறது. இப்படி ஒரு செயலியை நாம் எழுதுவதாக வைத்துக்கொள்வோம். காற்றின் வேகத்தை இதுவரை கிலோமீட்டரில் காட்டினோம், இனி நாட்டில் காட்டுகிறோம். எழுதியவர் கமிட்டில் ‘ஃபிக்ஸ்: யூனிட்ஸ்’ என்று தட்டிவிட்டுத் தூங்கப் போய்விட்டார். கருவி அதைத் திருத்தங்களின் கீழே பதினேழாவது வரியாகப் போடும். ஒரு நாட் என்பது 1.852 கிலோமீட்டர். திரையில் 25 என்று பார்க்கிறவர் கிலோமீட்டர் என்றே நினைத்துப் படகைத் தள்ளினால், வெளியே அடிப்பது 46 கிலோமீட்டர் காற்று. கருவி பொய் சொல்லவில்லை. யாருக்கு என்ன ஆகும் என்பது கமிட்டிலேயே இல்லை, அது எங்கிருந்து எடுக்கும்?

அதே ஏரியில் இறால் பிடிக்கப் ‘பாடு’ என்று ஒரு முறை உண்டு. எந்த இடத்தில் யார் எப்போது வலை போடலாம் என்பதைக் குப்பத்தார் முறை வைத்துப் பிரித்துக்கொள்வார்கள். அங்கே முறை மாறினால் “நாளைக்கு உனக்கு எந்த இடம்” என்பதுதான் சேதி. கூட்டத்தில் யார் எத்தனை தடவை பேசினார்கள் என்ற கணக்கை யாரும் கேட்பதில்லை. நம் கமிட் வரலாறு அந்தப் பேச்சுக் கணக்கு மாதிரிதான்.

அதற்காகத் தானியங்கியே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. ஈமேக்ஸ்காரர்கள் பல காலம் சேஞ்ச்லாக் கோப்பைக் கையாலேயே எழுதினார்கள். ஆளாளுக்கு அதே கோப்பின் தலையில் வரி சேர்த்தால் மெர்ஜ் செய்யும்போது என்ன கூத்து நடக்கும் என்று தெரியுமே :-) கிட்டுக்கு மாறிய பிறகு, 2015-இல் அதை விட்டுவிட்டு, கமிட் செய்திகளிலிருந்தே உருவாக்க ஆரம்பித்தார்கள். ஜிசிசியும் 2020-இல் அதே வழிக்கு வந்தது. ஆனால் ஈமேக்ஸில் ‘நியூஸ்’ என்று இன்னொரு கோப்பு இருக்கிறது. பயனருக்கு எது மாறியது, பழைய நடத்தை வேண்டுமானால் என்ன செய்வது என்று மனிதர்கள் எழுதுவது அது. அதைக் கருவியிடம் விடவில்லை.

இந்தப் பிரிவினை எனக்குச் சரியாகப் படுகிறது. நிரலாளருக்கான பட்டியலைக் கருவி தரட்டும். பயனருக்கான பத்தியை, நாலே வரியானாலும், ஒருவர் உட்கார்ந்து தமிழில் எழுத வேண்டும். வெளியிடும் முன் படகு ஓட்டுகிற ஒருவரிடம் அதைப் படித்துக் காட்டி, என்ன புரிந்தது என்று கேட்க வேண்டும். பழவேற்காடு ஒன்றும் தூரமில்லை, சென்னையிலிருந்து சுமார் 60 கிலோமீட்டர்தான்.