பழைய ஜாக்கெட்டைப் பார்த்துத் தைப்பதும் ஒரு படிப்புதான்

பல்லாவரம், குரோம்பேட்டைப் பக்கம் தோல் ஆடை தைக்கும் கம்பெனிகளில் பேட்டர்ன் மாஸ்டராகவே வாழ்நாளைக் கழித்தவன் நான். எங்கள் தொழிலில் ‘காப்பி’ என்றால் ஏளனம். யாரோ வரைந்த டிசைனைத் திருடி மட்டத் தோலில் தைத்து மலிவாகத் தள்ளிவிடுவது என்றுதான் அதற்கு அர்த்தம். ஆனால் இன்னொரு வகைக் காப்பியும் உண்டு. அதைச் செய்பவர்களைக் கண்டால் நான் எழுந்து நிற்பேன்.

இங்கிலாந்தின் டெவன் பகுதியில் ஈஸ்ட்மன், ஸ்காட்லாந்தில் ஏரோ போன்ற சிறு நிறுவனங்கள், இரண்டாம் உலகப் போர்க்கால விமானிகள் அணிந்த தோல் ஜாக்கெட்டுகளை அன்றைய வெட்டில், அன்றைய தையலில் இன்றும் தைத்துக் கொடுக்கின்றன. கம்பளி உரோமத்தோடு பதனிட்ட செம்மறித்தோல் ஜாக்கெட் ஒன்று ஆயிரம் பவுண்டைத் தாண்டும். “பழசைப் பார்த்து அப்படியே தைக்க இவ்வளவு காசா?” என்று கேட்பார்கள். பழசைப் பார்த்து அப்படியே தைப்பதுதான் இந்தத் தொழிலிலேயே கடினமான வேலை என்பது என் கட்சி. நம் ஊர்ப் பயிற்சிக்கூடங்களில் அதற்கு ஓர் இடம் வேண்டும் என்றும் சொல்வேன்.

பிரிட்டிஷ் விமானப்படையின் ‘இர்வின்’ ஜாக்கெட்டையே எடுத்துக்கொள்வோம். லெஸ்லி இர்வின் என்ற அமெரிக்கர் 1919 ஏப்ரல் 28 அன்று ஒஹையோவில் விமானத்திலிருந்து குதித்து, விழுந்துகொண்டிருக்கும்போதே தன் கையால் பாராசூட்டை இழுத்து விரித்தார். இறங்கியபோது கணுக்கால் முறிந்தது, ஆனால் பாராசூட் ஜெயித்தது. 1926-இல் இங்கிலாந்தின் லெட்ச்வொர்த் நகரில் பாராசூட் தொழிற்சாலை தொடங்கினார். தையல் விட்டால் உயிர் போகும் என்று தெரிந்தவர்கள் வேலை பார்த்த அந்தக் கம்பெனியிலிருந்துதான் 1930-களில் இந்த ஜாக்கெட்டும் வந்தது.

தரையில் 15 டிகிரி இருந்தால் 20,000 அடி உயரத்தில் சுமார் மைனஸ் 25 டிகிரி இருக்கும். லங்காஸ்டர் குண்டுவீச்சு விமானத்தின் வால்பக்கத் துப்பாக்கி வீரர்களில் பலர், இரவில் பார்வை மறைக்கிறது என்று முன்னாலிருந்த கண்ணாடித் தகட்டையே கழற்றிவிட்டு அந்தக் குளிரில் மணிக்கணக்கில் உட்கார்ந்திருந்தார்கள். இப்படிப்பட்ட குளிருக்கென்றே தைத்தது என்பதால் இர்வினில் அலங்காரத்துக்கென்று ஒரு தையல்கூடக் கிடையாது. உரோமம் உள்பக்கம், தோல் வெளிப்பக்கம். காதுவரை தூக்கிக் கட்டிக்கொள்ள அகலமான காலர், அது சரியாமல் பிடிக்க ஒரு வார். தடித்த கையுறையோடு போட்டுக் கழற்ற முன்கையில் ஜிப். காற்று கீழேயிருந்து ஏறாமல் இடுப்பில் பெல்ட். பை கிடையாது. இரண்டு பை வைத்துக் கொடுத்தால் இன்னும் நாலு பேர் வாங்குவார்கள். ஆனால் வைத்த நிமிடமே அது இர்வின் இல்லை.

ஒருமுறை வெளிநாட்டு வாடிக்கையாளர் ஒருவர், பேட்டர்ன் எடுப்பதற்காகப் பழைய இர்வின் ஒன்றை எங்களுக்கு அனுப்பியிருந்தார். அக்குளை ஒட்டி ஒரு கையில் மட்டும் சின்னதாக ஓர் ஒட்டு, மறு கையில் அது இல்லை. கம்ப்யூட்டரில் பேட்டர்ன் போடும் பெண், “மாஸ்டர், இது மிஸ்டேக்தானே? ரெண்டு கையையும் ஒண்ணாக்கிடட்டுமா?” என்றாள். “இரும்மா, ஏன் அங்க வெச்சான்னு முதல்ல பாரு” என்றேன். போர் நீள நீள நல்ல பெரிய தோல் கிடைப்பது அரிதாயிற்று. ஆரம்பகால இர்வின்களில் முதுகும் கையும் பெரிய பெரிய துண்டுகளாக இருக்கும். பிந்தியவற்றில் சின்னத் துண்டுகளைச் சேர்த்துச் சேர்த்துத் தைத்திருப்பார்கள். இந்த ஜாக்கெட்டின் கட்டரும் கைக்கு வெட்டும்போது தோல் போதாமல், கண்ணில் படாத அக்குளில் ஒரு துண்டு போட்டுச் சமாளித்திருக்கிறார். அடிபடாத, இழுபடாத இடமாகப் பார்த்து வைத்திருந்தார். அந்தப் பெண் கொஞ்ச நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “கெட்டிக்காரன் மாஸ்டர்” என்றாள். எந்த வகுப்பிலும் நான் அவளுக்கு அதைச் சொல்லிக்கொடுத்திருக்க முடியாது.

உரோமத்தோடு உள்ள இந்தத் தோலை வெட்டுவதே தனிக் கலை. கத்திரி போட்டால் உரோமமும் சேர்ந்து அறுபட்டு, மூட்டுகிற இடம் வழுக்கையாகிவிடும். தோல் பக்கம் மேலே இருக்கும்படி போட்டு, தோல் மட்டும் அறுபடும்படி கூரான கத்தியால் கீற வேண்டும். தோல் முதுகுத்தண்டை ஒட்டிக் கனமாகவும் வயிற்றுப் பக்கம் மெலிந்து இளகியும் இருக்கும். பல ஆடுகளின் தோல் ஒரே ஜாக்கெட்டில் வருவதால் உரோமத்தின் உயரம், அடர்த்தி, நிறம் மூன்றும் ஒத்துப்போக வேண்டும். துணியென்றால் பிரித்துத் தைக்கலாம். தோலில் ஊசி ஒருமுறை இறங்கினால் அந்த ஓட்டை போகாது.

இதற்கு மேல், பழைய ஜாக்கெட் உண்மையான அளவைக் காட்டாது. எண்பது வருஷத்தில் தோள் தொங்கியிருக்கும், ஓரம் சுருங்கியிருக்கும், வெளிப்பூச்சு வெடித்திருக்கும். இன்றைய அளவிலிருந்து அன்றைய அளவைக் கணக்குப் போட்டு எடுக்க வேண்டும். அந்தக் கணக்குக்குத்தான் அந்த விலை.

எதிர்வாதங்கள் எனக்கும் தெரியும். குண்டுவீசியவர்களின் உடுப்புக்கு இவ்வளவு கொண்டாட்டமா என்று ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்வி. பிரிட்டனின் குண்டுவீச்சுப் படையில் 55,573 பேர் இறந்தார்கள், அவர்கள் போட்ட குண்டுகளில் ஜெர்மன் நகரங்களில் மாண்டவர்கள் அதைவிடப் பல மடங்கு. ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு வீரம் பேசுவதில் எனக்கு உடன்பாடில்லை. ஆனால் யார் அணிந்தார் என்பது வேறு, எப்படித் தைத்தார்கள் என்பது வேறு. தைத்தவர்களின் வேலையைத்தான் நான் பேசுகிறேன்.

இன்னொன்று, மோசடி. புதுத் தோலைத் தேய்த்து, கசக்கி, அழுக்கேற்றி, போலி லேபிள் வைத்து ‘அசல் 1941’ என்று விற்பவர்களும் இருக்கிறார்கள். இதில் சமாதானத்துக்கே இடமில்லை. மறு ஆக்கம் என்றால், தைத்த வருஷமும் பட்டறையின் பெயரும் அழியாதபடி உள்ளே இருக்க வேண்டும். தைத்த ஆளின் பெயரும் இருந்தால் இன்னும் நல்லது.

இதெல்லாம் சீமைச் சமாச்சாரம், நமக்கென்ன என்று தோன்றலாம். நம் ஊர் மேச்சேரி இனச் செம்மறி ஆட்டுக்குக் கம்பளி உரோமம் கிடையாது. அதன் தோலுக்குத்தான் பேர். ஆகவே இர்வின் நம் சரக்கு அல்ல. ஆனால் தோல் வேலை நமக்குப் புதிதல்ல. முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் சிப்பாய்களின் பூட்ஸ் மேல்பாகத்துக்கு மதராஸ் மாகாணத்தில் ஆவாரம்பட்டையில் பதனிட்ட தோல் கப்பலேறியது. 1948-இல் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் சென்னைக்கு வந்ததற்கும் இங்கே தொழில் வேரூன்றியிருந்தது ஒரு காரணம். பதனிடுவதில் நாம் யாருக்கும் சளைத்தவர்கள் அல்ல. தைப்பதில்தான் ஒரு பள்ளம் விழுந்திருக்கிறது.

இன்றைய கம்பெனிகளின் தையல் லைனில் ஒருவர் காலர் மட்டும் தைப்பார், அடுத்தவர் கை ஏற்றுவார், இன்னொருவர் ஜிப் வைப்பார். வாடிக்கையாளர் தரும் அளவுக் குறிப்பான டெக் பேக்கில் சொன்ன மில்லிமீட்டர் வந்தால் போதும், ஏன் அந்த மில்லிமீட்டர் என்று யாரும் கேட்பதில்லை. கேட்க நேரமும் இல்லை, மணிக்கு இத்தனை பீஸ் என்று டார்கெட் தலைக்கு மேல் நிற்கிறது. ஏற்றுமதிக்கு லைன் வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் பத்து வருஷம் கை ஏற்றியவருக்கு ஒரு முழு ஜாக்கெட்டை வெட்டித் தைக்கத் தெரியாது என்றால், ஆர்டர் வேறு நாட்டுக்குப் போகிற அன்று அவர் கையில் தொழில் என்று எதுவும் மிஞ்சாது.

அதனால் ஒரு யோசனை. தோல் ஆடை, காலணி சொல்லிக்கொடுக்கும் நிலையங்கள் கடைசிப் பருவத்தில் மாணவர் கையில் பழைய பொருள் ஒன்றைக் கொடுக்கட்டும். இர்வினே வேண்டும் என்றில்லை. பழைய தபால்காரர் பையாக இருக்கலாம், தாத்தாவின் செருப்பாக இருக்கலாம். அளவெடுத்து, பேட்டர்ன் போட்டு, தானே வெட்டி, தானே தைத்துக் கொண்டுவரட்டும். மதிப்பெண்ணை நேர்த்திக்கு மட்டும் போடாமல், ‘இந்தத் தையல் ஏன் இங்கே வந்தது?’ என்ற கேள்விக்கு அவர் சொல்லும் பதிலுக்கும் போட வேண்டும். கம்பெனிகளும் செலவைப் பார்க்காமல் ஆண்டுக்குச் சிலரையாவது லைனிலிருந்து எடுத்து இந்த வேலையில் உட்கார வைக்கலாம்.

இதற்குப் புது மெஷினும் வேண்டாம், அரசு மானியமும் வேண்டாம். பழைய பொருள் ஒன்று, நல்ல தோல் கொஞ்சம், விரட்டாத மேற்பார்வையாளர் ஒருவர் போதும். மற்றவர் வரைந்ததைத் தைத்தே பழகிய நம் பிள்ளைகள் தாங்களே வரைய வேண்டுமென்றால், நன்றாகத் தைத்த ஒன்றை முதலில் ஒரு தடவையாவது முழுதாகத் தைத்துப் பார்த்திருக்க வேண்டும்.