பாட்டு நோட்டை எடைக்குப் போடாதீர்கள்

கோபாலபுரத்தில் ஒரு பழைய வீடு இடிபட்டு அடுக்குமாடி எழும்போது, முதலில் பழைய பேப்பர் கடைக்குப் போவது காகிதக் கட்டுதான். பாட்டி கைப்பட எழுதிய பாட்டு நோட்டும் அதில் கலந்திருக்கலாம். அதை எடைக்குப் போடுவது தமிழ்ப் பெண்களின் தத்துவத்தையே எடைக்குப் போடுவதாகும்.

செங்கோட்டை ஆவுடை அக்காளின் கதை இதற்குச் சான்று. சிறுவயதிலேயே கணவனை இழந்த அவர், திருவிசநல்லூர் ஸ்ரீதர ஐயாவாளிடம் உபதேசம் பெற்றதாக மரபு சொல்கிறது. ஐயாவாள், தஞ்சையை ஆண்ட ஷாஹஜியின் (1684–1712) காலத்தவர். அக்காள் அத்வைதத்தைக் கும்மியாகவும் அம்மானையாகவும் குறவஞ்சியாகவும் பாடினார். மடி, தீட்டு, எச்சில் என்று பெண்களைக் கட்டிப்போட்ட விதிகளை வேதாந்தத்தின் முன் நிறுத்திக் கேள்வி கேட்டார். கணவனான அரசனுக்கே ஞானம் புகட்டிய சூடாலையின் கதை அவரிடம் கும்மியானது.

ஏறக்குறைய அதே நூற்றாண்டில், 1643 மே மாதம், பொஹீமிய இளவரசி எலிசபெத் தத்துவ அறிஞர் தெகார்த்துக்குக் கடிதம் எழுதினார். உருவமில்லாத ஆன்மா உடலை எப்படி அசைக்கும் என்பது அவர் கேள்வி. தெகார்த் மறையும்வரை கடிதங்கள் தொடர்ந்தன. எலிசபெத் எழுதியவை அச்சேறியது 1879இல்தான். இன்று அவரைத் தத்துவ அறிஞர் என்று உலகம் படிக்கிறது. காரணம், யாரோ ஒருவர் அந்தத் தாள்களைப் பத்திரப்படுத்தினார்.

அக்காளின் பாட்டும் கடிதம் செய்த வேலையைத்தான் செய்தது. ஒரு பெண்ணின் சிந்தனை முகம் தெரியாத இன்னொரு பெண்ணைச் சென்றடைந்தது. தபால் இல்லை, வாய்தான் வழி. திருநெல்வேலிப் பக்கத்து அக்ரஹாரப் பெண்கள், குறிப்பாகக் கைம்பெண்கள், தலைமுறை தலைமுறையாகப் பாடியும் நோட்டில் எழுதியும் காத்தார்கள். அவர்களிடமிருந்து கோமதி ராஜாங்கம் திரட்டித் தந்ததால்தான் பல பாடல்கள் நமக்குக் கிடைத்தன.

அவர் செய்ததை இன்று கோபாலபுரம், மயிலாப்பூர் வீடுகள் செய்யலாம். தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமும் பெசன்ட் நகரில் உ.வே.சா. நூலகமும் இருக்கின்றன. அவற்றின் துணையோடு தெருத்தெருவாக நோட்டுகளைத் தேடும் முயற்சிக்கு அரசு நிதி ஒதுக்க வேண்டும். பாடத் தெரிந்த மூதாட்டிகளின் குரலைப் பேரப்பிள்ளைகள் செல்பேசியிலேயே பதிவு செய்யலாம்.

நோட்டின் கடைசிப் பக்கத்தில் பால் கணக்கு இருந்தால் அதையும் படமெடுக்க வேண்டும். எந்த வீட்டில், எந்த ஆண்டில் எழுதப்பட்டது என்பதற்கு அதுவே தடயமாகலாம்.