நோய்க்கு ஒரு நாணயமா? வரட்டும், ஆனா சில்லறையா வரட்டும்!

உங்க பர்ஸ்ல இருக்கிற 5 ரூபாய் காயின்களைக் கொஞ்சம் திருப்பிப் பாருங்க. அதிர்ஷ்டம் இருந்தா இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில் பேர் போட்ட ஒண்ணு சிக்கும். 2011-ல அவங்க நூற்றாண்டுக்காக வந்த காயின். கொரோனா சமயத்துல தினமும் நியூஸ்ல கேட்ட அதே ஐ.சி.எம்.ஆர்.தான்.

ஆராய்ச்சி நிறுவனத்துக்கு நாணயம் போட்டா யாரும் எதுவும் சொல்ல மாட்டாங்க. நோய்க்கே போடலாமா? புற்றுநோய்க்கு, போலியோவுக்கு, கொரோனாவுக்கு? தாராளமா போடலாம்னுதான் நான் சொல்வேன். ஆனா அது கடையில மீதிச் சில்லறையா நம்ம கைக்கு வரணும். வெல்வெட் பெட்டியில வச்சு, பல மடங்கு விலை போட்டு விக்கிறதா இருந்தா, உங்க சம்பளப் பணத்தை அதுல போடாதீங்க.

ஏன்னு கணக்கோட பார்ப்போம். 2018-ல அமெரிக்க மின்ட் மார்பகப் புற்றுநோய் விழிப்புணர்வுக்காக 3 காயின் வெளியிட்டுச்சு. அதுல 5 டாலர் தங்கக் காயின் நிஜமாவே பிங்க் கலர்; 85 சதவீதம் தங்கம், மீதி பெரும்பாலும் செம்பு. ஐடியா அருமைதான். நாம அந்த 1 டாலர் வெள்ளிக் காயினை எடுத்துக்குவோம். வித்த விலை சுமார் 50 டாலர். அதுல ஆராய்ச்சி அமைப்புக்குப் போறது 10 டாலர். உள்ள இருக்கிற வெள்ளி முக்கால் அவுன்ஸ். அப்போதைய ரேட்ல 13 டாலர் வரும். மிச்சம் 27 டாலர்? தயாரிப்பு, பெட்டி, விற்பனைச் செலவு.

இதை ஏமாத்து வேலைன்னு சொல்லல. எல்லாமே சட்டப்படிதான். மின்ட் தன் செலவை முழுசா எடுத்த பிறகுதான் அந்த 10 டாலரைக் கொடுக்கணும், வாங்குற அமைப்பும் அதே அளவு தொகையைத் தனியார்கிட்ட இருந்து திரட்டிக் காட்டணும்னு விதியே இருக்கு. ஆனா வாங்குறவர் மனசுல என்ன ஓடும்? "நன்கொடையும் ஆச்சு, முதலீடும் ஆச்சு." அங்கதான் சிக்கல். நன்கொடைன்னு பார்த்தா, நேரா அனுப்பியிருந்தா 50 டாலரும் ஆராய்ச்சி அமைப்புக்குப் போயிருக்கும். முதலீடுன்னு பார்த்தா, அதே காசுக்கு அன்னைக்குக் கிட்டத்தட்ட 3 அவுன்ஸ் சாதா வெள்ளி கிடைச்சிருக்கும். "வெள்ளி இப்போ எங்கேயோ போயிடுச்சே ப்ரோ"ன்னு கேப்பீங்க. போச்சு. ஆனா இவர்கிட்ட ஏறினது முக்கால் அவுன்ஸ்தானே!

இப்போ கனடாவைப் பாருங்க. 2006-ல அதே நோய்க்கு, பிங்க் ரிப்பன் போட்ட 25 சென்ட் காயினைப் புழக்கத்துல விட்டாங்க. 25 சென்ட் காயினுக்கு விலை 25 சென்ட்தான். காபி வாங்கின ஒருத்தர் கையில மீதியா வந்து விழும். அவர் அதை ஒரு நிமிஷம் பார்ப்பார். வீட்ல யாருக்காவது செக்கப் பண்ணணும்னு ஞாபகம் வந்தாலும் வரும். விழிப்புணர்வுன்னா அதுதானே? அலமாரியில பூட்டி வச்ச காயின் யாருக்கு ஞாபகப்படுத்தும்?

கொரோனாவுக்கு இத்தாலி 2021-ல ஒரு 2 யூரோ காயின் போட்டுச்சு. மாஸ்க் போட்ட ரெண்டு மருத்துவப் பணியாளர்கள், பக்கத்துல "நன்றி"ன்னு இத்தாலிய மொழியில ஒரே வார்த்தை. வைரஸ் படம் இல்ல.

இங்க ஒரு எதிர்வாதம் இருக்கு, அதைத் தள்ளிட்டுப் போக முடியாது. 2021 மே மாசம் ஆக்சிஜன் பெட் தேடி அலைஞ்சு அப்பாவையோ அம்மாவையோ இழந்தவங்க நம்ம ஆபீஸ்லயே இருப்பாங்க. டீக்கடை சில்லறையில அந்த ஞாபகம் வந்து விழுந்தா எப்படி இருக்கும்? இன்னொண்ணு, "நன்றி"ன்னு காயின் அடிக்கிறது எந்த அரசாங்கத்துக்கும் சுலபம். பெட் ஏன் கிடைக்கலன்னு பதில் சொல்றதுதான் கஷ்டம். அதனால, பதில் பாக்கி இருக்கிற நோய்க்கு அவசரப்பட்டு நாணயம் வேண்டாம்ங்கிறது என் கருத்து.

போலியோ அப்படி இல்ல. இந்தியாவுல கடைசி கேஸ் 2011 ஜனவரியில, ஹவுரா பக்கம். 2014 மார்ச்ல நமக்குப் போலியோ இல்லைன்னு சான்று வந்துச்சு. சொட்டு மருந்துப் பெட்டியைத் தோள்ல மாட்டிக்கிட்டு வீடு வீடா வந்த அக்காக்களை ஒரு 5 ரூபாய் காயின்ல போட்டா, எனக்கு முழு சம்மதம்.

ஆனா அதையே 2023-ல புது நாடாளுமன்றக் கட்டடத்துக்கு வந்த 75 ரூபாய் காயின் மாதிரி, 35 கிராம் எடை, பாதி வெள்ளின்னு பண்ணா வேண்டாம். அதைக் கொண்டுபோய் யாரும் காய்கறி வாங்கப் போறதில்ல.

சேகரிக்கிறது உங்க ஹாபின்னா சந்தோஷமா வாங்குங்க. பட்ஜெட்ல அதை "பொழுதுபோக்கு"ன்னு எழுதுங்க. காயின் வாங்குற பில் நன்கொடை ரசீது ஆகாது. நிஜமான நன்கொடைக்குக்கூட வரிக் கழிவு பழைய வரி முறையில மட்டும்தான். அதுலயும் 2,000 ரூபாய்க்கு மேல ரொக்கமா கொடுத்தா கிடையாது. யூ.பி.ஐ.ல அனுப்புங்க, அமைப்போட வரிக் கழிவுப் பதிவு எண்ணைச் சரிபாருங்க, நன்கொடைச் சான்றிதழைக் கேட்டு வாங்கி வச்சுக்குங்க.