கொடையும் கோடையும்

இந்த ஆண்டின் தொடக்கத்தில் நம் மேசைக்குப் புதிய கணித்திரை ஒன்று வந்து சேர்ந்தது. பழையதும் சிறியதன்று, 27 அங்குலம். 2013இல் 17 அங்குலக் குழாய்த் திரையை இறக்கிவிட்டு அதை ஏற்றியபோது, மேசைமேல் சன்னலொன்று திறந்ததாகவே மகிழ்ந்தோம். புதியதும் அதே 27 அங்குலந்தான். "அதே அளவுக்கு மறுபடியும் ஏன் பணம்?" என்று வீட்டிலும் கேட்டார்கள், துறையிலும் கேட்டார்கள். கேட்டவர்களுக்கு அப்போது சரியாக விடை சொல்ல இயலவில்லை. விடை ஒரு நூலின் நன்றியுரையில் இருக்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன் மறைந்த நம் ஆசிரியரின் கட்டுரைகளை மாணவர்கள் சிலர் தொகுத்து வெளியிட்டோம். மெய்ப்புப் பார்க்கும் பொறுப்பு நம்முடையது. ஆசிரியரின் துணைவியார் அவருடைய நூலகம் முழுவதையும் கல்லூரிக்கு அளித்திருந்தார். நன்றியுரையில் அதைக் குறித்து 'அம்மையாரின் கொடைக்கு' என்று எழுதியிருந்தோம். அச்சாகி வந்த ஐந்நூறு படிகளிலும் 'அம்மையாரின் கோடைக்கு' என்றிருந்தது. நூலைக் கையில் வாங்கிய அம்மையார் அந்தப் பக்கத்தை இருமுறை படித்தார். பிறகு சிரித்துக்கொண்டே, "ஏன் தம்பி, இந்த வருஷத்து வெயில் உங்களுக்கு அவ்வளவு பிடித்துவிட்டதா?" என்றார். அந்தச் சிரிப்பைக் காட்டிலும் அவர் நம்மைக் கடிந்துகொண்டிருக்கலாம்.

தட்டச்சில் நேர்ந்த பிழைதான். ஆனால் அந்தப் பக்கத்தை நாம் மும்முறை திரையில் படித்திருந்தோம். ஏன் கண்ணில் படவில்லை? ஒற்றைக்கொம்புக்கும் இரட்டைக்கொம்புக்கும் வேறுபாடு மேலே ஒரு சுழி, அவ்வளவே. பழைய திரை கிடையாக 1920, நெடுக்காக 1080 பிக்சல்கள் கொண்டது. அதை 27 அங்குலத்தில் விரித்தால் ஓர் அங்குலத்துக்கு ஏறத்தாழ 82 பிக்சல்கள்தாம் வரும். வழக்கமான அமைப்பில் 12 புள்ளி அளவுள்ள எழுத்துக்குக் கிடைக்கும் உயரம் 16 பிக்சல். மேல்விலங்கு, கீழ்விலங்கு, மெய்யின் புள்ளி ஆகிய அனைத்தும் அந்தப் பதினாறுக்குள் குடியிருக்க வேண்டும். கொம்பின் சுழிக்கு அதில் மிஞ்சுவது ஓரிரு பிக்சல். விளிம்பை மழுப்பிக் காட்டுவதற்காகக் கணினி அங்கே சாம்பல் நிறத்தை நிரப்பும். சுழியின் உள்வெளி அடைந்துபோய்க் கறைபோல் நிற்கும். கண் அதைப் பார்ப்பதில்லை, ஊகிக்கிறது. ஊகிக்கும் கண் தான் எழுத எண்ணியதையே படிக்கும்.

உரோமன் எழுத்துகள் கோடும் வளைவுமாகச் சில பிக்சல்களிலேயே பிழைத்துக்கொள்கின்றன. தமிழெழுத்து சுழிகளால் ஆனது. ணகரம் ஒன்றுக்கே எத்தனை வளைவுகள்! ஆகவே பரப்பை மட்டும் பெருக்கிய திரையால் நமக்குக் கிடைத்தது பெரிய மங்கல். உண்மையில் அந்த நாளில் 24 அங்குலம் வாங்கியிருந்தால் அதே பிக்சல்கள் நெருக்கமாக அமைந்து எழுத்து சற்றுத் தெளிந்திருக்கும்.

இந்தத் தொல்லை நமக்குப் புதிதன்று என்பதுதான் வேடிக்கை. ஓலைச்சுவடிகளில் பெரும்பாலும் மெய்க்குப் புள்ளி இராது. எகரமும் ஏகாரமும், ஒகரமும் ஓகாரமும் ஒன்றுபோலவே இருக்கும். காலுக்கும் ரகரத்துக்கும் வேறுபாடு தெரியாது. 1887இல் சீவக சிந்தாமணியை வெளியிட்ட உ.வே. சாமிநாதையரும், அதே ஆண்டில் கலித்தொகையை வெளியிட்ட சி.வை. தாமோதரம் பிள்ளையும் அப்படிப்பட்ட ஏடுகளிலிருந்தே பாடம் கண்டார்கள். கொம்பில் சுழித்து நெடிலைப் பிரித்துக் காட்டும் முறை 18ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் பெயரோடு வந்தது. அவர் இட்ட அந்தச் சுழியை நாம் காசு கொடுத்து வாங்கிய திரை விழுங்கிவிட்டது. ஓலையில் குறி இல்லை என்பது பதிப்பாசிரியருக்குத் தெரியும்; ஆகையால் விழிப்பாக இருந்தார். திரையில் எல்லாம் இருப்பதாக நாம் நம்பினோம்.

புதியது வாங்கச் சென்ற கடையில் எல்லாத் திரைகளிலும் அருவி கொட்டிக்கொண்டிருந்தது, மயில் ஆடிக்கொண்டிருந்தது. தமிழ்ப் பக்கமொன்றைத் திறந்து காட்டுமாறு கேட்டோம். விற்பனை இளைஞர், "சார், கலர் பார்க்கலையா?" என்றார். வண்ணம் வேண்டா, ழகரம் வேண்டும் என்றோம். பொறுமைசாலி, திறந்து காட்டினார். 32 அங்குல வளைந்த திரையில் எழுத்து நம் பழைய திரையிலிருந்ததைப் போலவே கலங்கி நின்றது. 27 அங்குலத்தில் 3840க்கு 2160 பிக்சல் கொண்ட ஒன்றில், அங்குலத்துக்கு ஏறத்தாழ 163 என்ற நெருக்கத்தில், கொம்பின் சுழிக்குள் வெள்ளை தெரிந்தது. அதையே வாங்கினோம்.

வந்த முதல் நாள் மகிழ்ச்சி இல்லை. நம் பழைய கணினியின் எச்டிஎம்ஐ இணைப்பு அத்தனை பிக்சல்களை நொடிக்கு 30 முறைதான் அனுப்ப வல்லது. சுட்டி நீரில் நடப்பதுபோல் நகர்ந்தது. டிஸ்ப்ளேபோர்ட் வடத்துக்கு மாற்றியதும் 60 ஆயிற்று. எழுத்தளவை 200 விழுக்காட்டில் வைக்காவிட்டால் எறும்பு வரிசைதான். பழைய பக்க வடிவமைப்பு மென்பொருள்கள் இந்தப் பெருக்கத்தை அறியாதவை; கணினி அவற்றின் படத்தை இழுத்துக் காட்டுவதால் அங்கே எழுத்து இன்னும் மங்கலே. பிடிஎஃப் ஆக்கிய பிறகுதான் மெய்ப்புப் பார்க்கிறோம்.

துறை நண்பர் ஒருவர், "தாளில் அச்சிட்டுப் படித்திருந்தால் இந்தச் செலவே இல்லையே" என்றார். உண்மை. எளிய லேசர் அச்சுப்பொறியும் அங்குலத்துக்கு 600 புள்ளி இடும். நம் மேசைத் திரை அதற்கு ஈடன்று. இறுதி மெய்ப்பைத் தாளில்தான் பார்க்க வேண்டும், இனிப் பார்ப்போம். ஆனால் ஆய்வேடுகள், வினாத்தாள்கள், மின்படியான பழைய நூல்கள் என்று நாளெல்லாம் நாம் படிப்பதை யார் அச்சிட்டுத் தருவார்? பழைய திரையிலேயே எழுத்தைப் பெரிதாக்கிப் படித்தோம். அப்போது மூலமும் படியும் அருகருகே நிற்க இடமில்லாமல் போயிற்று. நாற்பது கடந்த கண்ணுக்கும் இதில் பங்குண்டு, மறுக்கவில்லை. மூக்குக்கண்ணாடியை மாற்றிய பிறகும் சுழி தெரியவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறோம்.

நம் மனக்குறை வேறிடத்தில் இருக்கிறது. கல்லூரிகளில் கணித்திரை வாங்கக் குறிப்பு எழுதும்போது அங்குலத்தைத்தான் முதலில் எழுதுகிறோம். பிக்சல் எண்ணிக்கையைக் கேட்பவர் அரியர். நாமே அந்தக் குழுவில் இருந்து அப்படி எழுதிக் கையொப்பமிட்டிருக்கிறோம். நல்ல திரை வரைகலைக்காரருக்கு, தமிழ்த்துறைக்கு எதுவும் போதும் என்ற எண்ணமும் உண்டு. எழுத்தையே பார்த்துப் பிழைக்கிறவர்கள் நாமல்லவா? விலை கூடுதல்தான். இரண்டு பெரிய மங்கல் திரைகளுக்குப் பதில் ஒரு தெளிந்த திரை போதும் என்று எழுதிக் கொடுக்கவேனும் செய்யலாம்.

பழைய திரையை மகள் படம் பார்க்க எடுத்துக்கொண்டாள். அருவியும் மயிலும் அதில் நன்றாகவே தெரிகின்றன.

இரண்டாம் பதிப்புக்காக ஆசிரியரின் தொகுப்பைப் புதிய திரையில் திறந்திருக்கிறோம். 'கோடை' கொடையாயிற்று. நாற்பதாம் பக்கத்தைத் தாண்டுவதற்குள் இன்னும் மூன்று பிழைகள்: ஒன்றில் கொம்பு, இரண்டில் புள்ளி. இவற்றை இதுவரை எவரும் நம்மிடம் சொல்லவில்லை. அம்மையாருக்கும் அவை தெரிந்திருக்குமோ என்னவோ. ஞாயிற்றுக்கிழமை போய்க் கேட்க வேண்டும்.