பழைய பிக்கப்பை இறக்கிக் கட்டலாமா?

கேள்வி: "எங்கள் வீட்டில் 30 வருடத்துக்கு முன்பு அப்பா வாங்கிய மஹிந்திரா ஜீப் பிக்கப் ஒன்று இருக்கிறது. முன்னும் பின்னும் நான்கு சக்கரத்துக்கும் பட்டைதான். வாரத்தில் இரண்டு நாள் தேங்காய், மாட்டுத் தீவனம் ஏற்றுகிறோம். கோவையில் படிக்கும் மகன், வண்டிக்கு பெயின்ட் அடித்து இறக்கிக் கட்டினால் எடுப்பாக இருக்கும் என்கிறான். பக்கத்து ஊர்க் கடையில் விசாரித்ததில், 'எட்டுப் பட்டையில நாலை உருவுனாப் போதும், ஒரு நாள் வேலை' என்றார்களாம். அப்பாவோ, 'வண்டி மேல கை வெச்சா நான் இந்த வீட்ல சோறு திங்க மாட்டேன்' என்கிறார். ரெண்டு பேருக்கும் நடுவில் நான் என்ன செய்வதுங்க?"
- கோபிசெட்டிபாளையம் வட்டத்திலிருந்து ஒரு வாசகர்.

பதில்: உங்கள் அப்பா கண்ணுக்கு அது சுமைவண்டி. மகன் கண்ணுக்கு ஞாயிற்றுக்கிழமை வண்டி. இதில் எது என்பதை வீட்டில் உட்கார்ந்து பேசி முடித்த பிறகுதான் பட்டையில் கை வைக்க வேண்டும். இரண்டுமாக இருக்கட்டும் என்று பாதி இறக்கிக் கட்டினால் காசும் போகும், வண்டியும் கெடும்.

மகனின் ஆசையைத் தப்பு சொல்ல முடியாது. அமெரிக்காவில் செவர்லே சி10, ஃபோர்டு எஃப்-100 போன்ற பழைய பிக்கப்களைத் தரையோடு ஒட்டினாற்போல் இறக்கிக் கட்டுவது பல பத்தாண்டுகளாக நடக்கிறது. அதற்கென்றே பெட்டியில் போட்டு சாமான் விற்கிறார்கள். '4/6' என்று கேட்டால் முன்பக்கம் 4 அங்குலம், பின்பக்கம் 6 அங்குலம் இறங்கும் செட் கிடைக்கும். பின்பக்கம் ஏன் கூடுதல்? காலி பிக்கப் எப்போதும் பின்பக்கம் தூக்கிக்கொண்டுதான் நிற்கும். சுமை ஏறினால் சமமாக வரட்டும் என்று கம்பெனி அப்படி வைத்திருக்கிறது. அந்தத் தூக்கலை எடுத்துவிட்டால் வண்டி அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அப்படி இறக்கிய வண்டிகளில் பெரும்பாலானவை மூட்டை தூக்குவதை விட்டு வெகுகாலம் ஆகிவிட்டது. போதாத இடத்தில் சேஸிஸையே மேலே பிறை மாதிரி வெட்டி, ஆக்ஸில் ஏறி இறங்க வழி விடுகிறார்கள்.

இறக்குவதில் நன்மையே இல்லை என்றும் சொல்ல மாட்டேன். பாரம் தாழ்ந்தால் வளைவில் வண்டி சாய்வது குறையும். 40 லிட்டர் பால் கேனைத் தூக்கி வைக்கிறவருக்கு இரண்டு அங்குலம் குறைந்தாலும் இடுப்பு வாழ்த்தும். ஆனால் அதற்கு மட்டும் என்றால் தோட்டத்தில் சுமை ஏற்ற ஒரு மண்திட்டு போட்டு, வண்டியைப் பின்பக்கமாக ஒட்டி நிறுத்தினால் முடிந்தது. ஒரு ரூபாய் செலவில்லை.

இப்போது டேப்பை எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் குனியுங்கள். ஆக்ஸிலுக்கு நேர் மேலே சேஸிஸில் ஒரு ரப்பர் கட்டை இருக்கும். பள்ளத்தில் விழும்போது ஆக்ஸில் இரும்பு சேஸிஸில் இடிக்காமல் இருக்க வைத்தது. அந்த ரப்பருக்கும் ஆக்ஸிலுக்கும் உள்ள இடைவெளியைக் காலி வண்டியில் அளந்து எழுதுங்கள். அடுத்த முறை தேங்காய் ஏற்றி எடைமேடைக்குப் போகும்போது அதே இடத்தை மறுபடி அளந்து, எடையையும் பக்கத்தில் குறியுங்கள். காசு கொடுக்கும் முன் உங்களுக்கு வேண்டியது இந்த மூன்று எண்கள்தான்.

ஒரு கணக்குக்கு, காலியில் 4 அங்குலம், முக்கால் டன் ஏற்றியதும் ஒன்றரை அங்குலம் என்று வைத்துக்கொள்வோம். சுமை தின்றது இரண்டரை. குழிக்கும் மேட்டுக்கும் மிச்சம் ஒன்றரை. இப்போது நீங்கள் 2 அங்குலம் இறக்கினால், முழுச்சுமை ஏறும் முன்பே ஆக்ஸில் ரப்பரில் போய் உட்கார்ந்துவிடும். அதற்குப் பிறகு பட்டை இருந்தும் இல்லாத மாதிரிதான். ஒவ்வொரு வேகத்தடையும் நேராக சேஸிஸில் அடிக்கும். முதலில் ரிவிட் ஆடும், அப்புறம் விரிசல் விடும்.

கடைக்காரர் சொன்ன நாலு பட்டை விஷயத்துக்கு வருகிறேன். அது வேண்டவே வேண்டாம். பட்டையை உருவினால் வண்டி இறங்குவது மட்டுமல்ல, தொய்ந்தும் போகும். ஒரே தடிமனுள்ள எட்டில் நாலை எடுத்தால் விறைப்பு ஏறக்குறைய பாதியாகிவிடும். அதே தேங்காய்ச் சுமைக்கு இரண்டரை அங்குலம் அமுங்கிய வண்டி 5 அங்குலம் அமுங்கப் பார்க்கும். இடம் குறைந்த வண்டிக்கு விறைப்பு கூட வேண்டும். இது நேர்மாறாகப் போகிறது. இன்னொன்று, பட்டை சுமையைத் தாங்குவதோடு ஆக்ஸிலைத் தன் இடத்தில் பிடித்துக்கொண்டும் இருக்கிறது. துணைப் பட்டைகளைப் பிடுங்கிவிட்டால் முழுப் பாரமும் கண் உள்ள மெயின் பட்டை மேல் விழும். அது ஓட்டத்தில் ஒடிந்தால் ஆக்ஸில் ஒரு பக்கம் பின்னுக்குப் போய்விடும். எதிரே பஸ் வரும்போது அது நடந்தால் என்ன ஆகும் என்று நான் எழுத வேண்டியதில்லை.

முறையான வழி, பட்டைகளின் எண்ணிக்கையைக் குறைக்காமல் வளைவை மட்டும் குறைப்பது. நல்ல பட்டைக் கடையில் கட்டைப் பிரித்து, ஒவ்வொரு பட்டையையும் பிரஸ்ஸில் வைத்து குளிர்ந்த நிலையிலேயே கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்த்துவார்கள். கேஸ் கொளுத்தி, வண்டியில் இருக்கும்போதே பட்டையைச் சிவக்கவைத்து இறக்கும் இடத்துக்கு மட்டும் போகாதீர்கள். கொல்லர்கள் லாரிப் பட்டையில் அரிவாள் அடிப்பது நமக்குத் தெரியும். அடித்து முடித்த அரிவாளை அடுப்பில் போட்டு மறுபடி சிவக்கவைத்து ஆறவிட்டால் அதன் பதம் என்ன ஆகும்? வாய் மடியும். பட்டைக்கும் அதே கதி. சூடு பட்ட இடம் ஒன்று தொங்கும், இல்லை ஒடியும்.

வளைவைக் குறைத்தால் ஒரு பக்கவிளைவு உண்டு. வில்லை நிமிர்த்தினால் முனைக்கு முனை நீளும் அல்லவா? பட்டையும் அப்படித்தான். நீண்ட பட்டை ஷேக்கிளைத் தள்ளும். ஷேக்கிள் போய்ச் சேஸிஸில் முட்டி நின்றால் பட்டை அசைய இடமில்லை. கட்டி முடித்ததும் சுமையோடு ஒரு தரம், ஜாக்கியில் தூக்கி ஒரு தரம் ஷேக்கிள் இருபுறமும் ஆடுகிறதா என்று பார்க்க வேண்டும்.

இரும்புக் கட்டை வைத்து இறக்குவது, ஆக்ஸிலை மாற்றிக் கட்டுவது என்றும் சிலர் சொல்வார்கள். குனிந்து பாருங்கள். பட்டை ஆக்ஸிலுக்கு மேலே உட்கார்ந்திருந்தால், இடையில் கட்டை வைப்பது வண்டியைத் தூக்கும். ஆக்ஸிலைப் பட்டைக்கு மேலே கொண்டுபோனால் இறங்கும். பழைய வில்லிஸ் ஜீப் சாதியில் பட்டை ஆக்ஸிலுக்கு அடியில் இருக்கும். அங்கே எல்லாம் தலைகீழ்: கட்டை வைத்தால் இறங்கும், மாற்றிக் கட்டினால் தூக்கும். இது தெரியாமல் பேசுகிற மெக்கானிக்கிடம் வண்டியை விடாதீர்கள். முன் ஆக்ஸிலில் கட்டை வைக்கவே கூடாது. பிரேக் பிடிக்கும் திருகல் முழுவதும் அந்த யூ போல்ட்டில்தான் விழும்.

முன்பக்கம் இறங்கினால் ஸ்டீரிங் பெட்டியிலிருந்து சக்கரத்துக்குப் போகும் ராடின் சாய்வும் மாறும். அப்புறம் ஒவ்வொரு மேட்டிலும் ஸ்டீரிங் தானாக ஒரு பக்கம் இழுக்கும். பின்னால் புரொப்பல்லர் ஷாஃப்ட்டின் கோணம் மாறி கிராஸ் சீக்கிரம் தேயும். பழைய நீள ஷாக் அப்சர்பரை அப்படியே விட்டால் அடியில் முட்டி உடையும். 'ஒரு நாள் வேலை' என்றவர் இதையெல்லாம் கணக்கில் சேர்த்தாரா என்று கேளுங்கள்.

மகனுக்கு ஒரு தகவல். பட்டையை இறக்கினால் டிஃபரன்ஷியல் உருண்டை ஓர் அங்குலம்கூட இறங்காது. அதன் உயரம் டயரைப் பொறுத்தது. இறங்குவது சேஸிஸ், சைலன்சர், டீசல் டேங்க், இன்ஜின் அடிச்சட்டி. இட்டேரியில் இரண்டு பக்கச் சக்கரத்தடத்துக்கும் நடுவில் மேடு தட்டிக் கிடக்குமே, அங்கே முதலில் உரசப்போவது இவைதான். சின்ன டயர் போட்டால் டிஃபரன்ஷியலும் சேர்ந்து இறங்கும், மீட்டர் காட்டும் வேகமும் பொய்யாகும்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவின்படி, கம்பெனி கொடுத்த விவரத்திலிருந்து ஆர்.சி. விவரம் மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த திருத்தத்தில், அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, 6 மாதம் வரை சிறையோ, இரண்டுமோ உண்டு. சேஸிஸை வெட்டுவதை நினைக்கவே வேண்டாம். ஆர்.சி.யில் உயரத்துக்குக் கட்டம் ஏது என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். ஏற்றலாம் என்று அதில் போட்டிருக்கும் எடையைப் பாதிப் பட்டை தாங்குமா என்றுதான் எஃப்.சி.க்குப் போகும்போது பார்ப்பார்கள். விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸ்காரரும் அதையே கேட்பார்.

சரி, உங்கள் வண்டிக்கு என்ன செய்யலாம்? 30 வருடப் பட்டை பெரும்பாலும் ஏற்கெனவே செத்திருக்கும். சமதரையில் நிறுத்தி, நான்கு சக்கரத்திலும் நடு மையத்திலிருந்து மட்கார்டு விளிம்பு வரை அளந்து பாருங்கள். டிரைவர் பக்கம் தாழ்ந்திருந்தால் ஆச்சரியப்பட வேண்டாம். மகன் கேட்கிற இறக்கத்தில் ஒரு பங்கு தானாகவே நடந்திருக்கலாம். தேங்காய் ஏற்றுவதை நிறுத்தப்போவதில்லை என்றால் என் முடிவு இது: வண்டியைக் கம்பெனி உயரத்துக்குக் கொண்டுவாருங்கள். கட்டைப் பிரித்துத் துருவெடுத்து, ஒடிந்த பட்டையை அதே தடிமனில் மாற்றி, புஷ், சென்டர் போல்ட், யூ போல்ட் எல்லாம் புதிதாகப் போட்டு, நான்கு மூலையும் சமமாக நிற்க வையுங்கள். பெயின்ட்டும் அடித்தால் வண்டி நிற்கிற நிலையே வேறாக இருக்கும். பழைய வண்டி மாறாமல் நிற்பதிலும் ஓர் அழகு உண்டு. கோவை அவினாசி சாலையில் இருக்கும் ஜி.டி. கார் மியூசியத்துக்கு மகனை ஒரு நாள் போய்வரச் சொல்லுங்கள்.

சுமை ஏற்றுவதை அடியோடு விடுவதாக இருந்தால், மேலே சொன்ன அளவு இடம் கொடுத்தால், வளைவைக் குறைத்து ஓர் அங்குலம் இறக்கலாம். அதற்கு மேல் நான் சொல்ல மாட்டேன்.

பட்டைக் கடைக்குப் போகும்போது அப்பாவையும் கூட்டிப் போங்கள். வண்டி வாங்கும்போது எத்தனை பட்டை இருந்தது, எது எப்போது ஒடிந்தது, யார் மாற்றியது என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். கடைக்காரர் முதலில் கேட்கப்போவதும் அதைத்தான்.

கேள்வி: "புது பிக்கப் வாங்கி ஆறு மாசம் ஆகுதுங்க. பின்னாடி எக்ஸ்ட்ரா பட்டை போட்டால் கூட ஏற்றலாமா? வால்பாறைக்கும் போய் வருகிறோம்."
- ஆனைமலை வாசகர்.

பதில்: நம் பக்கம் இறக்குகிறவரைவிட ஏற்றிக் கட்டுகிறவர்தான் அதிகம். புது பிக்கப் பலவற்றில் பின் ஆக்ஸிலுக்கும் சேஸிஸுக்கும் நடுவில் ஒரு கம்பியோடு பிரேக் வால்வு இருக்கும். வண்டி அமுங்குவதை வைத்து எவ்வளவு சுமை என்று அது புரிந்துகொண்டு, பின் பிரேக்குக்கு அழுத்தத்தைக் கூட்டும். எக்ஸ்ட்ரா பட்டை போட்டால் வண்டி அமுங்காது. சுமை இருந்தும் காலி என்று நினைத்து வால்வு பின் பிரேக்கைக் குறைத்துவிடும். 40 கொண்டை ஊசி வளைவுள்ள சாலையில் இறங்கும்போது முன் பிரேக் மட்டும் சூடேறி மங்கிப்போகும். பட்டை கூடியதால் ஆர்.சி.யில் உள்ள மொத்த எடையும் கூடிவிடாது. அதிகச் சுமைக்கு 20,000 ரூபாய், அதற்கு மேல் கூடுதலாக உள்ள ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய் என்பது சட்டத்தில் உள்ள அபராதம். ஏற்கெனவே போட்டுவிட்டீர்கள் என்றால், அடுத்த முறை மலை ஏறும் முன் அந்தப் பட்டையைக் கழற்றிவிட்டு, வால்வுக் கம்பி கம்பெனி அளவில் இருக்கிறதா என்று சர்வீஸ் சென்டரில் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.